மெட்ராஸ் லைன் அறுந்த வாரம்

டிச. 5, திங்கள்

விடியலிலிருந்து மழை. குடையை பஸ்ஸில் விட்டாச்சு. விழுப்புரம் பக்கம் மரம் விழுந்து, எங்கள் திருச்சி எக்ஸ்சேஞ்சுக்கு மெட்ராஸ் லைன் மொத்தமும் போச்சு. ட்ரங்க் கால் கேட்டவர்கள் எல்லாரும் என்னைத் திட்டுகிறார்கள், மரத்தை நான் வெட்டிப் போட்ட மாதிரி.

சூப்பர்வைசர் மேடம்: "கோயம்புத்தூர், பெங்களூர் வழியா போடுங்கம்மா."

போட்டோம். சுற்று வழி, குரல் தேய்ந்து போகிறது. அதனால் எல்லாம் வாய்வழிதான். நான் கோவை சரோஜாவிடம், அவள் பெங்களூர் கமலாவிடம், கமலா மெட்ராஸ்காரரிடம். இருவர் முகத்தையும் நான் பார்த்ததில்லை.

ஸ்ரீரங்கத்து மாமா ஒருவர்: "மாப்பிள்ளைகிட்ட சொல்லுங்கோ, ஆண் குழந்தை, ரெண்டு பேரும் க்ஷேமம்." ஆளுக்கொரு தடவை பெற்றெடுத்தோம்.

ஒரு நிம்மதி: என் வீட்டுக்காரர் மெட்ராஸிலிருந்து கூப்பிட முடியாது. கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்காம். குடும்பத்தோடு வந்தால்தான் தருவார்களாம். வேலையை ராஜினாமா பண்ணிவிட்டு வா, வெள்ளிக்குள் பதில் சொல் என்கிறார். மாற்றல் கேட்டு மூன்று வருஷம், இன்னும் வரவில்லை.

6, செவ்வாய்

காது வலி. இரவு ரசம் சாதம். அவருக்கு எழுத உட்கார்ந்தேன், தூங்கிவிட்டேன். நாள் பூரா தலையில் ஹெட்போன், காதில் வசவு. விட்டால் நிம்மதிதான். விட மனசு வரவில்லையே.

8, வியாழன்

சரோஜா: "திருச்சி, இந்தக் கால் உங்களுக்குத்தான். மெட்ராஸ்லேருந்து உங்க வீட்டுக்காரர்."

லைன் இல்லை என்று சொல்ல வழியில்லை, ஊருக்கெல்லாம் சுற்று வழியில் கால் போட்டுக் கொடுப்பதே நான்தான். மேடம் பார்த்தும் பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்.

"ராஜினாமா எழுதிட்டீங்களான்னு கேக்கறாரு."

"வேலையை விட மாட்டேன்னு சொல்லுங்க."

சரோஜா, உரக்க: "வேலையை விட மாட்டேன்." அதற்கப்பால் மெல்லிசாகக் கமலா: "வேலையை விட மாட்டேன்." எனக்காகச் சொன்ன மாதிரியே இல்லை, இரண்டு பேரும் தங்களுக்காகச் சொன்ன மாதிரி.

"என்ன சொல்றாரு?"

"போனை வச்சுட்டாருங்க."

அடுத்த விளக்கு எரிந்தது. துறையூர் மண்டிக்காரர், வெங்காய விலை கேட்டு. அவருக்கும் கடத்தினேன்.

10, சனி

வெயில். மெட்ராஸ் லைன் நேரே வந்துவிட்டது, பக்கத்து அறையில் பேசுகிற மாதிரி தெளிவு. போர்டில் விளக்கு எரியும்போதெல்லாம் அவர்தானோ என்று ப்ளக்கைச் செருகுகிறேன். யார் யாரோ.

மத்தியானம் சரோஜா: "பேசினாரா?"

"இல்ல."

"கமலா கேட்டுக்கிட்டே இருக்கா. என்ன சொல்லட்டும்?"

முந்தாநாள் சொன்னதையே சொல்லச் சொன்னேன்.