செல்வி அக்கா கேட்ட படம்

ஞாயிறு, இரவு.

பக்கத்து வீட்டு செல்வி அக்கா வந்தார். போன மாதம் இறந்த கணவருக்கு மாலை போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமாம். அவருடைய ரயில்வே அடையாள அட்டையில் இருப்பது இருபது வயது முகம்.

மௌலா அலி மலைப்படியில் அண்ணனை நான் எடுத்த படம் ஒன்று போனில் இருந்தது. பின்னால் சூரியன் இறங்க, வானம் அற்புதமாக வந்திருக்கிறது. அவர் வெறும் கறுப்பு உருவம்.

"இந்தப் பக்கமா வந்து நிக்கவா தம்பி? மூஞ்சி தெரியாதே" என்று அன்றே கேட்டார்.

"நக்கோ அண்ணே, மாற வேணாம், இப்படியே நில்லுங்க. இதுதான் அழகு" என்றேன்.

இன்று போனில் எவ்வளவு வெளிச்சம் கூட்டியும் முகம் வரவில்லை. அக்கா நெடுநேரம் பார்த்தார்.

"இடுப்புல கை வெச்சு நிக்கிறது அவரேதான் தம்பி. இதையே பிரிண்ட் போட்டுக் குடு."

சரி அக்கா என்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.