மேடையில் நான் உயர்த்திய கை

மார்ச் 3, செவ்வாய்

காலையில் இயந்திர விற்பனையாளர் ஒருவர் வந்தார். பளபளக்கும் காலணி, தேன் தடவிய நாக்கு. சக்கரம் பொருத்திய பெட்டியை உருட்டிவந்து நீவல் அறையின் நடுவே நிறுத்தினார். பெட்டியிலிருந்து தடித்த குழல் ஒன்று நீள்கிறது. அதன் முனையில் கைப்பிடி. கைப்பிடியின் அடியில் இரண்டு உருளைகள். உருளைகள் தோலைக் கவ்வ, இடையிலுள்ள துளை காற்றை உறிஞ்சித் தோலை மேலே இழுக்குமாம். உடலோடு ஒட்டும் மெல்லிய ஆடையை அணிந்து படுத்தால் போதும். எண்ணெய் வேண்டாம். கையும் வேண்டாம்.

"ரெண்டு வாரம் சும்மா வெச்சுப் பாருங்க மேடம். பிடிக்கலைன்னா நானே வந்து தூக்கிட்டுப் போறேன்."

"இப்போதே தூக்கிக்கொண்டு போங்கள்" என்றேன்.

பஞ்சு கதவோரம் நின்று அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கணவரின் தங்கை, அவர் மறைந்த பின் எனக்கு எஞ்சிய ஒரே உறவு. கையின் மென்மைக்காக வாடிக்கையாளர்கள் இட்ட பெயர் வீட்டிலும் ஒட்டிக்கொண்டது. என் அழகு நிலையத்தில் முடி திருத்துவோர் வருவார்கள், போவார்கள். நீவல் மட்டும் என்றும் அவளுடையது. (ஊரே மசாஜ் என்கிறது. விலைப்பலகையில் நான் நீவல் என்றே எழுதிவைத்திருக்கிறேன். "அது என்னங்க, கூந்தலுக்கா முகத்துக்கா?" என்று கேட்டுத் தெளிந்துகொள்கிறார்கள்.)

ஞாயிறன்று சங்கக் கூட்டம். பேசுவதற்குப் பொருள் கிடைத்துவிட்டது.

மார்ச் 8, ஞாயிறு

அரங்கு நிறைந்த அழகுக்கலைத் தொழிலாளர்கள். நான் தொடங்கியபோது மின்விசிறியின் ஓசைகூடக் கேட்டது. முடித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை; அத்தனை கைத்தட்டல்.

"இரும்பு அழுத்தும்; இரங்குமா? உருளை உருளும், உணருமா? காற்றை உறிஞ்சத் தெரிந்த கருவிக்கு ஒருத்தியின் களைப்பை உறிஞ்சத் தெரியுமா?" — இந்த இடத்தில் முன்வரிசை எழுந்துவிட்டது. அந்தச் சூட்டில் பஞ்சுவை மேடைக்கு அழைத்தேன். அவள் வலக்கையைப் பற்றி உயர்த்தினேன். "இந்தக் கைக்கு ஈடான எந்திரத்தை எவன் செய்திருக்கிறான்? என் நிலையத்தின் வாசற்படியை எந்திரம் மிதிக்காது. இது என் சொல்!"

உயர்த்தும்போது அவள் முகம் சுருங்கியது. கூச்சம். கூட்டம் பழகாதவள்.

மார்ச் 9, திங்கள்

குரல் கட்டியிருக்கிறது. வெந்நீர். நெஞ்சு மட்டும் நிறைந்திருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

சொல்லுக்கு விளைச்சல் உண்டு. பேச்சை யாரோ கைப்பேசியில் படம்பிடித்துப் பரப்பியிருக்கிறார்கள். புதுப்புது முகங்கள். "அந்தக் கைக்காரம்மா யாரு? அவங்கதான் எங்களுக்குச் செய்யணும்." நாற்காலி போதாமல் மாடி வீட்டிலிருந்து இறக்கிப் போட்டேன். பஞ்சுவுக்கு மூச்சுவிட நேரமில்லை.

அவள் மட்டும் மகிழ்ந்தவளாகத் தெரியவில்லை. தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்துக் குடித்தாள். "குளிர்கிறதா?" என்றேன். "ஆமா அண்ணி" என்றாள்.

வெயில் கொளுத்துகிறது.

மார்ச் 17, செவ்வாய்

நெடுநாள் வாடிக்கையாளரான தையற்கடைக்காரம்மா, நீவல் முடிந்து வந்து, என் காதோரம் குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. பஞ்சு முழங்கையாலயே அழுத்துறா, விரலே படல. நேத்து வந்தவங்களுக்குக் கையி, பழைய ஆளுக்கு முழங்கையா?"

உழைப்பின் மதிப்பைப் பற்றி அவருக்கு ஒரு சிற்றுரை ஆற்றினேன். "அம்மா தாயே! தோள்வலின்னு வந்தேன், காதுவலியோட போறேன்" என்று கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார்.

முழங்கையா? ஏன்?

மார்ச் 18, புதன்

பஞ்சுவைக் கேட்க வேண்டும். கூட்டம் ஓயவில்லை. கேட்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

எப்படி எழுதுவது?

கடை அடைத்த பின் துண்டுகளை அலசினோம். ஈரத் துண்டின் ஒரு முனையை என்னிடம் தந்து, மறுமுனையை அவள் அக்குளில் இடுக்கிக்கொண்டு உடம்பையே திருப்பினாள். கையால் முறுக்கவில்லை. "என்ன கூத்து இது?" என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். அலறிவிட்டாள்.

"விடுங்க அண்ணி! மேடையில பிடிச்சீங்களே, அன்னிக்கே விட்டிருக்கணும்!"

பிறகு எல்லாம் வெளிவந்தது. விரல்கள் மரத்துப்போகத் தொடங்கி ஓராண்டுக்கு மேலாகிறது. எனக்குத் தெரியாமல் மருத்துவரிடம் போயிருக்கிறாள். மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுகிறதாம். அறுவை செய்து சீராக்கலாம். ஆனால் இந்த வேலையைத் தொடர்ந்தால் கை கைவிட்டுப் போகும் என்றாராம். உறக்கத்தில் மரத்த கையை உதறி உதறி விழித்திருக்கிறாள். அடுத்த அறையில் நான்.

"ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான் வழி தேடினேன். அந்த மெஷின்காரரை வரச்சொன்னதே நான்தான்."

"நீயா?"

"நீங்களே பார்த்தா பிடிச்சுப்போயி வாங்குவீங்க, என் கை தப்பிச்சுக்கும்னு நெனச்சேன். நீங்க அவரை வெரட்டிவிட்டுட்டு, அத்தனை பேருக்கு முன்னால என் கையைத் தூக்கிக் காட்டிட்டீங்க. அப்புறம் எந்த வாயால வலிக்குதுன்னு சொல்றது? அண்ணன் இருந்திருந்தா அவன்கிட்ட சொல்லியிருப்பேன். உங்ககிட்ட ஒண்ணு சொன்னா, அது பேச்சாயிடும் அண்ணி."

அது பேச்சாயிடும்.

ஊரைக் கூட்டிப் பேசுற வாய் — வீட்டுக்குள்ள இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை கேட்கல. என் பேச்சுதானே கூட்டத்தை அழைத்துவந்து அவள் கையின் மேல் ஏற்றியது? பாராட்டிப் பாராட்டியே நசுக்கியிருக்கிறேன்.

மார்ச் 21, காரி (சனி)

பஞ்சுவை வேலை செய்ய விடவில்லை. வந்தவர்களிடம் அவளுக்குக் கை நலமில்லை என்றேன். "விளம்பரத்துக்கு மட்டும் நல்லா இருந்துச்சாக்கும்" என்றார் ஒருவர்.

மார்ச் 24, செவ்வாய்

விற்பனையாளரை நானே அழைத்தேன். மனிதர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "உங்க பேச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன் மேடம். திட்டு வாங்குறதும் நான், கை தட்டுறதும் நான்!"

"முதலில் என் உடம்பில் ஓட்டுங்கள். பிறகு முடிவு செய்கிறேன்."

அந்த மெல்லிய ஆடைக்குள் நான் உறை போதாத தலையணையைப் போலிருந்தேன். பஞ்சு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவர் உறிஞ்சும் விசையைக் கூட்டியபோது தொடையில் நண்டு கவ்வியது போலிருந்தது, சிவந்துவிட்டது. பிறகு விசையைக் குறைத்துப் பஞ்சு இடக்கையால் ஓட்டினாள். இரங்குமா, உணருமா என்று முழங்கினேனே — அது இரங்கவுமில்லை, உணரவுமில்லை. ஆனால் நாள்முழுதும் நின்று கல்லாய் இறுகிய கெண்டைக்கால் இளகியது. உள்ளதை உள்ளபடி எழுதத்தான் வேண்டும்.

இன்னொன்றும் கண்டேன். ஒருவரை நீவும்போது பஞ்சு குனியாமல் நிமிர்ந்து நிற்பதை இன்றுதான் பார்க்கிறேன்.

கருவுற்றோர், நரம்பு புடைத்தோர், குருதி உறையும் நோயுள்ளோர் ஆகியோருக்குக் கூடாது என்று விற்பனையாளர் தந்த குறிப்பிலேயே இருக்கிறது. சுவரில் ஒட்டத் தந்த படத்திலோ "ஒரே மாதத்தில் கொழுப்பு கரையும்!" என்றிருந்தது. திருப்பிக் கொடுத்தேன்.

"அதைப் போட்டாத்தான் மேடம் ஆள் வரும்."

"அப்படி வருகிறவர் வரவேண்டாம்."

மார்ச் 28, காரி

இன்னும் உறுதி சொல்லவில்லை. சங்கச் செயலாளர் எப்படியோ மோப்பம் பிடித்து அழைத்தார். "உங்க பேச்சைக் காட்டித்தான் புது உறுப்பினரையே சேர்த்துட்டு இருக்கோம். வாங்குறதுன்னா ஓசைப்படாம வாங்கிப் பின்ரூம்ல போட்டுக்குங்க. யாரு எட்டிப் பார்க்கப்போறா?"

மனம் சற்றுச் சாய்ந்தது. மறைக்க மாட்டேன். பேச்சாளருக்குச் சொல்தான் முதுகெலும்பு. முன்னொரு பேச்சு, பின்னொரு பேச்சு என்றால் இனி யார் செவி கொடுப்பார்?

வேறு வழியும் இருக்கிறது. வலுவான கையுடைய வேறொருத்தியை அமர்த்தலாம். எந்திரமும் வேண்டாம், என் சொல்லும் நிற்கும். இதைப் பஞ்சுவிடம் சொன்னேன்.

"சரி அண்ணி. அவ கை போனதும்?"

மார்ச் 29, ஞாயிறு

என் சொல் நிற்பதற்கு இன்னொருத்தியின் மணிக்கட்டா? எந்திரம் வரட்டும். முன்னறையிலேயே நிற்கட்டும்.

ஏப்ரல் 5, ஞாயிறு

பஞ்சுவின் ஒப்புதலோடு மேடையேறினேன். "நரம்பு கிரம்புன்னு இழுக்காதீங்க. சுருக்கமா முடிச்சிட்டு எறங்கிடுங்க" என்பது அவள் விதித்த வரம்பு.

"சென்ற கூட்டத்தில் ஒரு பெண்ணின் கையை அவளைக் கேளாமல் என் வாதத்துக்குச் சான்றாக்கினேன். அந்தக் கை ஓய்வு கேட்கிறது. என் நிலையத்துக்கு இயந்திரம் வருகிறது. அன்று தந்த சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்." எதுகை இல்லை, மோனை இல்லை.

கைத்தட்டலும் இல்லை. "கம்பெனிக்காரன் நல்லா கவனிச்சுட்டான் போல!" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு. இறங்கி நடந்தேன். செயலாளர் எழுந்து வழிவிட்டார், முகம் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

சங்கத்தின் அடுத்த கூட்ட அழைப்பு வந்தது. பேசுவோர் வரிசையில் நான் இல்லை. வலிக்கிறது.

ஏப்ரல் 22, புதன்

அறுவை நல்லபடி முடிந்து ஒரு வாரம். கட்டுப் போட்ட கையோடு பஞ்சு நீவல் அறை நாற்காலியில் அமர்ந்திருக்கிறாள். மாடியில் இருக்கச் சொன்னால் கேட்பதில்லை. இயந்திரத்தை நான் ஓட்டுகிறேன். கைக்காகத் தேடிவந்தவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். தையற்கடைக்காரம்மா வந்தார். கூடாத நோய் ஏதும் உண்டா என்று கேட்க வேண்டியவற்றையெல்லாம் கேட்டபின் படுக்கவைத்தேன்.

"மெதுவா அண்ணி. அது கூட்டம் இல்ல, கால்" என்றாள் பஞ்சு.

விசையைக் குறைத்தேன்.

"என்ன பஞ்சு, உங்க அண்ணி வந்ததுலேருந்து வாயே தொறக்கல? உடம்பு சரியில்லையா?" என்றார் தையற்கடைக்காரம்மா, குப்புறப் படுத்தபடி.

"பேசிட்டே ஓட்டினா கோணிடும்க்கா" என்றாள் அவள்.

உருளையை முழங்காலுக்குக் கீழே நகர்த்தினேன்.

"இங்கே வலிக்கிறதா?" என்று கேட்டேன்.