அபிக்காகச் சொன்ன பொய்

பாசமுள்ள அம்மா,

கர்த்தர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறேன். உன் முட்டிவலி தேவலையா?

இன்று தத்துவ வகுப்பில் ஒரே அமர்க்களம்! கொலைகாரன் வந்து கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்று அந்தக் காலத்து ஜெர்மன் அறிஞர் ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நம் திருத்தணி வீட்டில் நடந்த கதையைச் சொல்லிவிட்டேன். வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்ட நம் தெரு அபியைத் தேடி அவள் அண்ணன்கள் அரிவாளோடு வந்தார்களே! அவளை நம் சமையலறையில் ஒளித்துவிட்டு, "இங்க யாரும் வரலப்பா, நான் ஜெபம் பண்ணிகினு இருக்கேன்" என்றாயே!

"அந்தப் பெண் இப்போது?" என்று பேராசிரியர் கேட்டார்.

"அரக்கோணத்தில் பிள்ளைகுட்டியோடு இருக்கிறாள்" என்றேன். வகுப்பே மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தது!

மோர்மிளகாய் அனுப்பு. "ஈவு" என்று ஒரு தரம் கூப்பிட்டு வாய்ஸ் மெசேஜும் போடு.

அந்தப் பொய்க்காக இன்னமும் நீ மன்னிப்புக் கேட்டு ஜெபிப்பதை மட்டும் அங்கே சொல்லவில்லை. போதும்மா, விட்டுவிடு.

டிராம் வந்துவிட்டது.

உன் ஈவ்லின்