இருபத்திரண்டு சொட்டுகள் குறித்த மனு

அனுப்புநர்:
வெலிலே ம்கோகேலி (வயது 76),
ஓய்வுபெற்ற நில அளவை வரைபடப் பணியாளர்,
அறை எண் 14, புலேலானி முதியோர் இல்லம்,
கோமானி, கிழக்கு கேப்.

பெறுநர்:
மாவட்டச் சமூக நல அதிகாரி அவர்கள்,
கோமானி.

பொருள்: பறிக்கப்பட்ட சிபிடி எண்ணெய்ப் புட்டியைத் திரும்பத் தரவும், பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே உள்ள “போதை” என்ற சொல்லை நீக்கவும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

இதுவரை யார்மீதும் நான் புகார் எழுதியதில்லை. இதையும் மூன்று முறை கிழித்துப்போட்டேன். தவறு என்னுடையதோ என்ற ஐயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆயினும் எண்ணிக்கை என் பக்கம் நிற்பதால் எழுதுகிறேன்.

1. எனக்கு விரல் மூட்டுகளில் வாதம். சட்டைப் பொத்தான் போடக்கூட அடுத்த அறைக்காரரை அழைக்கும் நிலை வந்தது. மருத்துவர் என் மற்ற மாத்திரைகளைப் பார்த்துவிட்டு, கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தாலும் மயக்கம் தராத இந்த எண்ணெய்க்குச் சம்மதித்தார். அளவைக் கேட்டதற்கு, “யாருக்கு எவ்வளவு ஒத்துக்கும்னு எனக்கே தெரியாது, ம்பிங்கா. உங்க உடம்பையே கேளுங்க. ஆனா எழுதி வச்சுக் கேளுங்க” என்றார். ம்பிங்கா என்பது என் குலப்பெயர். அப்படி அழைப்பதே எங்களிடையே மரியாதை.

2. மாலைக்குப் பத்துச் சொட்டில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு கூட்டினேன். தினமும் வலி, தூக்கம், காலைத் தெளிவு மூன்றையும் குறித்தேன். இருபதில் பொத்தான் பாதி வழி வந்தது. இருபத்திரண்டில் ஐந்து பொத்தான்களையும் நானே போட்டேன். இருபத்துநான்கில் காலையில் தலை பஞ்சு மூட்டையாயிற்று. திரும்ப இருபத்திரண்டுக்கு வந்து, ஐந்து மாதம் அங்கேயே நின்றேன். அந்தச் சொட்டுகளில் உள்ள சிபிடி பதினொரு மில்லிகிராம்.

3. ஜூலை 29 அன்று டிராப்பரின் ரப்பர் கிழிந்தது. உதவிப் பணியாளர் பூமேசா நல்லெண்ணத்துடன் காது மருந்துப் புட்டியின் டிராப்பரைக் கழுவிப் பொருத்தினார். அன்று மாலையும் இருபத்திரண்டே எண்ணினேன். மறுநாள் ஞாயிறு ஆராதனையில், எல்லோரும் எழுந்து நின்று பாடும்போது நான் மட்டும் குறட்டை விட்டேன். “நம்ம ம்பிங்கா மேல எடம் புடிக்க முன்னாடியே போயிட்டாரு” என்று பக்கத்து நாற்காலிக்காரர் சொல்ல, சபையே சிரித்தது. அந்த வெட்கத்தை நான் மறுக்கவில்லை.

4. பொறுப்பு மேட்ரன் திருமதி நோமலிசோ அன்றே புட்டியைப் பூட்டினார். “இது முதியோர் இல்லமா, கஞ்சாத் தோட்டமா? எல்லாருக்கும் ஒரே கஞ்சி, ஒரே கரண்டி. உங்களுக்கு மட்டும் என்ன தனி அளவு?” என்று உணவுக்கூடத்தில் எல்லோர் முன்னும் கேட்டார். பதிவேட்டில் “போதை” என்று எழுதினார். அன்றிலிருந்து என்னைக் குலப்பெயரால் அழைப்பதில்லை. “பதினாலாம் நம்பர்” என்கிறார்.

5. பழைய டிராப்பருக்குப் புது ரப்பர் மாட்டி, காது மருந்தினுடையதைப் போன்ற இன்னொன்றையும் எடுத்துப்போய், மருந்துக்கடையில் இருந்த அதே வகை எண்ணெயைக் கொண்டு இரண்டையும் சோதித்தேன். என்மேல் எனக்கு நம்பிக்கை போதாததால் மூன்று முறை எண்ணினேன். பழையதில் ஒரு மில்லிலிட்டருக்கு நாற்பது சொட்டு. காது மருந்தினுடையதில் இருபது. அதாவது அந்த ஒரு மாலை மட்டும் நான் இருமடங்கு குடித்திருக்கிறேன். “டிராப்பர்னா டிராப்பர்தானேன்னு நெனச்சேன், ம்பிங்கா” என்று பூமேசா அழுதார். எண்ணத் தெரிந்த நானே அப்படித்தான் நினைத்தேன். அவர்மீது நடவடிக்கை வேண்டாம்.

6. இதை மேட்ரனிடம் விளக்கியபோது, நானே விரும்பி அளவை மீறியதாக எழுதிய தாளை நீட்டினார். நான் கையெழுத்திடவில்லை. இடவும் மாட்டேன். எண்ணெய் நின்று பதினைந்து நாட்களாகின்றன. இம்மனுவை எழுதி முடிக்க நான்கு நாட்கள் பிடித்தன. கோணிய எழுத்துகளைப் பொறுத்தருள்க.

ஆகவே, ஆகஸ்ட் 24, வியாழன் காலை பத்து மணிக்கு, என்னை அவமதித்த அதே உணவுக்கூடத்துக்குத் தாங்கள் வர வேண்டுகிறேன். இரண்டு டிராப்பர்களும் அளவுக் குழாயும் மேசைமேல் இருக்கும். மேட்ரனே எண்ணட்டும்; நான் தொடமாட்டேன். நான் சொன்ன கணக்கு பிசகினால், எல்லோர் முன்னும் மன்னிப்புக் கேட்டு, எண்ணெயை விட்டுவிடுகிறேன். பிசகாவிட்டால், பதிவேட்டில் அந்தச் சொல் அடிக்கப்பட்டு, புட்டி அன்று மதியத்துக்குள் என் கைக்கு வரவேண்டும். மாலையில் நான் இருபத்திரண்டு சொட்டு எடுப்பேன், இருபத்தொன்றுக்கு ஒப்பமாட்டேன்.

இடம்: கோமானி
நாள்: 14.08.2023

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
வெலிலே ம்கோகேலி