இருபது முறை இறக்கிய கை

பெங்களூர்
9-8-1976

அன்புள்ள அப்பாவுக்கு வத்சலாவின் நமஸ்காரம். செங்கல்பட்டு போய்க் கண் டாக்டரைப் பார்த்தீர்களா? நான் சௌக்கியம்.

ஹெலிகாப்டர் விமானிகளைப் பறக்காத பயிற்சிக் கூண்டில் உட்காரவைத்து, அவர்கள் செய்யும் தவறுகளைக் குறிப்பதுதானே என் வேலை. எஞ்சின் நின்றால் இடக்கை நெம்புகோலை உடனே கீழே இறக்க வேண்டும்; இல்லாவிட்டால் மேலே சுழலும் இறக்கை வேகம் இழந்து ஹெலிகாப்டர் கல்போல விழும். மாமல்லபுரத்துத் தாண்டவராயன் என்ற விமானி நான்கு முறை மேலே இழுத்தான்.

"இன்னாக்கா பண்றது, கீழ வுழறப்போ கை தானா மேல போவுது," என்று சிரித்தான். ஐந்தாம் முறைதான் சரியாகச் செய்தான். மாதாமாதம் பழகினால்தான் அது கையில் நிற்கும் என்று எழுதிக் கொடுத்தேன்.

"வருஷத்துக்கு ஒரு தடவைதான் விதி. தேறிட்டாரே, அப்புறம் என்ன?" என்று அதிகாரி கூண்டைப் பூட்டிவிட்டார்.

இன்று காலை அவன் மலைப்பகுதிக்கு மாற்றலாகிப் போனான். புறப்படுமுன் அவனை என் அறை நாற்காலியில் உட்காரவைத்து, இடக்கையில் என் குடையைக் கொடுத்து, "எஞ்சின் நின்னுடுத்து" என்று இருபது முறை சொன்னேன். "அக்கா வுட மாட்டீங்களே!" என்றபடி இருபது முறையும் இறக்கினான். குடையை அவனிடமே கொடுத்தனுப்பினேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

இங்கே விடாத மழை. தங்கை ரத்னா வரும்போது ஒரு குடை கொடுத்தனுப்புங்கள். தபால் எடுக்க ஆள் வந்துவிட்டார்.

வத்சலா