ஃபாத்து நீட்டிய இடது கை

செவ்வாய், ஒக்டோபர் 14

ஃபாத்து காலையில் செனகலுக்குப் போய்விட்டாள். எட்டு வருடமாக எனக்கு மேல்வீட்டுக்காரி, வொலோஃப் இனத்தவள். தாய்க்குக் கடும் வருத்தமாம், படுத்த படுக்கையாம். இங்கே இத்தாலியில் தங்குவதற்கான அனுமதி அட்டை, பெர்மெஸ்ஸோ, புதுப்பிக்கக் கொடுத்து இன்னும் கைக்கு வரவில்லை. வெறும் ரசீதோடு போகிறாள். திரும்பி வரும்போது உள்ளே விடுவார்களோ...

பெட்டியோடு படியில் நின்று இடது கையை நீட்டினாள். எனக்குச் சுருக்கென்றது. ஒரே தாம்பாளத்தில் சேர்ந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். அவளும் வலது கையால்தான் சாப்பிடுவாள், மீனைப் பிய்த்து என் பக்கம் தள்ளிவிடுவாள். அவளுக்குத் தெரியாததா?

"என்ன ஃபாத்து, இந்தக் கையையோ தாறாய்?" என்றேன்.

ஏதோ சொல்ல வந்தாள். கீழே டாக்ஸிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். நான் அந்தக் கையைத் தள்ளிவிட்டு வலது கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவள் முகம் விழுந்துவிட்டது.

மத்தியானம் அவள் தங்கை ஐதாவிடம் இதைச் சொன்னேன். எங்களுக்குள் பேச்சு இத்தாலியன்தான், ஆனால் அவள் சொன்னது எனக்குள் தமிழில் கிடந்து குடைகிறது. "தூரம் போகேக்கை நாங்கள் இடது கைதான் குடுப்பம். அது பிழையெண்டு எங்களுக்கும் தெரியும். அந்தப் பிழையைத் திருத்தவெண்டாலும் திரும்பி வரவேணுமெல்லோ?"

எனக்கு எப்போதும் அவசரம். எதையும் கேட்டுச் செய்யத் தெரியாது.

இரவு நித்திரை வராமல் மூன்று தரம் எழும்பித் தண்ணீர் குடித்துவிட்டேன். அவள் போன் இன்னும் ஓஃப். எடுத்தால் மன்னிப்புக் கேட்கலாம், கையை எப்படிக் கொடுப்பது? அவள் வந்து திருத்த ஒரு பிழையையும் நான் மிச்சம் விடவில்லை.