மணியில் துணி சுற்றியவள்

ம்சூசு,
9 பிப்ரவரி 2009

மதிப்பிற்குரிய ம்வாலே ஆசிரியருக்கு,

வணக்கம். இந்த மழையிலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்றாம் படிவத்தில் படிக்கும் வேஸியின் அம்மா நான். சந்தையில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் பள்ளிச் சீருடைகளில் பாதி என் மெஷினில் தைத்தவைதான்.

நீங்கள் படிக்கச் சொன்னீர்கள் என்று வேஸி ஒரு நாவல் கொண்டுவந்தாள். ஊரில் எல்லார் கழுத்திலும் அரசாங்கம் மணி கட்டிவிடுகிற கதை. தட்டில் நசிமாக் களி ஆறிப்போகிறது, கூப்பிட்டால் "இன்னும் ஒரே ஒரு பக்கம்மா" என்கிறாள். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு இப்படிப்பட்ட கதை எதற்கு, ஐயா? தயவுசெய்து புத்தகத்தை அவளிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
திருமதி கோண்ட்வே


ம்சூசு,
12 பிப்ரவரி 2009

அன்புள்ள திருமதி கோண்ட்வே அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. பெற்றவளுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். ஆனாலும் சொல்கிறேன், கெட்ட காலத்தைக் கதையில் பார்த்துவிட்ட பிள்ளை, அது நிஜத்தில் வாசலுக்கு வரும்போது அடையாளம் கண்டுகொள்ளும். நேற்று வகுப்பில் வேஸி எழுந்து, "சார், இத்தன பேர் இருக்காங்களே, ஒருத்தர்கூடவா மணிய அவுத்து எறியல?" என்று கேட்டாள். அந்தக் கேள்விக்காகவே இந்தப் புத்தகத்தைக் கொடுக்கலாம்.

இருபத்தாறு வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இந்தப் புத்தகத்தால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போனதில்லை. கவலையை விடுங்கள்.

தங்கள் உண்மையுள்ள,
லைஃபோர்ட் ம்வாலே


ம்சூசு,
16 பிப்ரவரி 2009

ம்வாலே சாருக்கு,

"எந்தப் பிள்ளையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். கோண்ட்வே என் கணவர் பெயர். நான் தியோங்கே நியிரெண்டா. ஏரிக்கரைப் பள்ளி, 1989.

மந்திரி வந்த அன்று பள்ளி மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கட்டினேனே, அந்தத் தியோங்கே. அணிவகுப்புக்கு மணி அடிக்கவில்லை. விடுதியில் சோதனை போட்டார்கள். என் மெத்தைக்கு அடியில் இதே மணி நாவல் கிடைத்தது.

தலைமையாசிரியர் அறையில் நீங்கள் ஜன்னலோரம் நின்றீர்கள். "ஏ பொண்ணே, இத உனக்கு யாரு குடுத்தா?" என்று அவர் மேசையைத் தட்டினார். ஒரே கட்சி ஆண்ட காலம். மாணவிக்குக் கொடுத்தது நீங்கள் என்று தெரிந்தால் சிறைதான். உங்கள் மனைவிக்கு நிறைமாதம். "யாரும் குடுக்கல, ம்வாலே சார் மேசையிலேர்ந்து திருடிட்டேன்" என்றேன். அவர் உங்கள் பக்கம் திரும்பினார். "ஆமா, என் புத்தகத்த ஒரு வாரமா காணோம்" என்றீர்கள்.

நீங்கள் பேசாமல் நின்றிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன், சார்.

அப்பா வந்து என்னைக் கூட்டிப்போனார். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை எனக்கு முன்னால் நடந்தார், ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எந்தப் பள்ளியிலும் திருடியைச் சேர்க்கவில்லை. அப்பா இறந்து நான்கு வருடம் ஆகிறது. பணப்பெட்டிச் சாவியைக் கடைசிவரை என் கண்ணில் காட்டவே இல்லை.

தியோங்கே


ம்சூசு,
11 மார்ச் 2009

அன்புள்ள தியோங்கே,

மூன்று வாரமாக எழுதி எழுதிக் கிழித்தேன். நீ எழுதியதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. அன்று உன் முகத்தைப் பார்க்காமல் வெளியே காய்ந்துகொண்டிருந்த மீன்வலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்காக நீ பொய் சொன்னாய். எனக்கு வந்த முதல் உணர்வு நிம்மதி. அதை இதுவரை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

ஆட்சி மாறிய பிறகு எனக்கு ஒரு பயமும் இல்லை. அப்போதே உன் அப்பாவிடம் வந்து சொல்லியிருக்கலாம். பேருந்து நிலையம்வரை இரண்டு முறை வந்து திரும்பிவிட்டேன். அந்த நாளுக்குப் பிறகு பதினாறு வருடம் அவர் உயிரோடு இருந்திருக்கிறார்.

பிள்ளைகளுக்குத் தைரியத்தைப் பற்றிய புத்தகமாகக் கொடுத்துக் கொடுத்து, அன்றைய கடனைத் தீர்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன் போலிருக்கிறது. திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்லப்போகிறேன். உன் பெயரைச் சொல்லமாட்டேன். பிறகு ஒரு நாள் உன் வீட்டுக்கு வர அனுமதிப்பாயா?

லைஃபோர்ட் ம்வாலே


ம்சூசு,
18 மார்ச் 2009

ம்வாலே சாருக்கு,

திங்கட்கிழமை வேஸி பையைக்கூட இறக்கி வைக்காமல் நேரே கடைக்கு வந்தாள். "அம்மா, அந்தப் பொண்ணு நீதானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. புத்தகத்தப் பாத்த அன்னைக்கு நீ தச்சதப் பாதியில விட்டுட்டு எழுந்து போயிட்டியே."

பிறகு என் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அவ திருடலன்னு மூணு தடவ சத்தமா சொன்னாரும்மா. அழுதுட்டாரு. பசங்க யாருமே சிரிக்கல. நான் அவர் மேல கோவப்படணுமா?"

காஜா எடுத்துக்கொண்டிருந்த சட்டையில் தையல் கோணிவிட்டது, பிரித்துப் போட்டேன். அந்த மூன்று தடவையில் ஒரு தடவையாவது அப்பா காதில் விழுந்திருந்தால் போதும், சார்.

வீட்டுக்கு வர வேண்டாம். உங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்க எனக்கு மனம் வராது. வாசலில் நிற்கவைக்கவும் பிடிக்கவில்லை.

புத்தகத்தைத் திரும்ப வாங்கச் சொன்னேன், அது வேண்டாம். அவள் முழுதும் படிக்கட்டும். முடித்ததும் உங்கள் கையிலேயே கொடுத்து நன்றி சொல்லச் சொல்லியிருக்கிறேன். அது அவளுடைய நன்றி, சார். அதில் என்னைச் சேர்த்துக்கொள்ளாதீர்கள்.

தியோங்கே